ஒரு சுற்றுக் குறைந்த ஸ்பிரிங்

என் கணவர் தனக்கென்று ஆசைப்பட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை. தீபாவளிக்குக்கூட எனக்கும் அவருடைய அம்மாவுக்கும் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, "எனக்கு இருக்கிறதே போதும்" என்று கடைக்கு வெளியே போய் நின்றுகொள்வார். ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் லொறியை ஓட்டுகிறார். சீமெந்தும் தகரமும் ஏற்றிக்கொண்டு பகல் முழுக்க வளைவுகளில் ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்வாசலில் நிற்கும் எங்கள் பழைய ஜப்பான் காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். அது ஒன்றுதான் அவருடைய சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "காரக் கொஞ்சம் பதிக்கலாம்னு பாக்குறேன்."

"பதிக்கிறதுன்னா?"

"கீழ எறக்குறது. இப்ப அது ஏணி மேல ஏறி நிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு இஞ்சு எறங்குச்சுன்னா எப்படி இருக்கும் தெரியுமா?"

கைபேசியை எடுத்துக் காட்டினார். ஏப்ரலில் நுவரெலியா வாவிக்கரைக்குக் கொழும்பிலிருந்து வருகிற கார்கள். சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் இடையே விரல் நுழையாதபடி தரையோடு தரையாக நின்றன. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டியபோது முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நம்ம ரோட்டுக்கு?" என்றேன்.

"ரோட்டுக்குத் தக்கன ஓட்டிக்கலாம்."

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெரிய பாதையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுகிற பாதையில் கல்தான் அதிகம். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகப் பாதைக்குக் குறுக்கே கான் வெட்டி விட்டிருக்கிறார்கள். உயரமாக நிற்கும் ஆட்டோவே அவற்றில் விழுந்து எழும்பித்தான் வரும். அதை அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குச் சுபாவத்திலேயே பயம் அதிகம் என்று அவருக்குத் தெரியும். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளை அவர்கள் வரும்வரை பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு குழந்தை பெஞ்சில் காலை வைத்தாலே அது விழுவதை என் மனம் பார்த்துவிடும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் எதற்குப் பயப்பட்டாலும் அதற்கு மதிப்பு இருக்காது. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

முதலில் டிக்கோயாவில் ஒரு கராஜுக்குப் போனோம். கராஜ் வைத்திருந்தவர் ஒரு சிங்களவர். எங்கள் லொறிக்காரர்கள் எல்லாரும் அவரைத்தான் பாஸ் பாஸ் என்று தேடிப் போவார்கள். இவர் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். இதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்குகள் இருக்கின்றன, அதிர்வைத் தாங்குகிற ஷொக்குகளையும் சேர்த்து மாற்ற வேண்டும், கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தரலாம் என்றார் பாஸ். விலையைக் கேட்டதும் இவர் சிரித்துவிட்டார்.

"இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டினால்?" என்று கேட்டார்.

"வெட்டலாம். வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வெட்டமாட்டேன்."

"ஏன்?"

"வெட்டின ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் இறுகி இருக்காது. சக்கரம் பெரிய குழியில் இறங்கினால் கழன்று போகும்."

எனக்கு அவ்வளவு சிங்களம் புரியும். திரும்பி வரும்போது காரில் என் கணவர், "அவரு நம்ம தலையில புது ஸ்பிரிங்கக் கட்டப் பாக்குறாரு" என்றார். கழன்று போகும் என்ற அந்தச் சொல் மட்டும் என் காதிலேயே இருந்தது.

அடுத்த பௌர்ணமி, போயா விடுமுறையன்று வேலையை அவரே ஆரம்பித்தார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற இரும்புக் கொக்கிகளையும் ஒரு கிரைண்டரையும் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். செலவு என்று பார்த்தால் இரும்பு வெட்டுகிற தகடு ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் கார் நிற்கிற அளவுக்கு மண்ணை வெட்டிச் சமப்படுத்தியிருந்தோம். முதல் நாள் பெய்த மழையில் அந்த மண் இளகிக் கிடந்தது. அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு ஜாக்கை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். டயரைக் கழற்றித் தூரமாகச் சாய்த்து வைத்தார். பிறகு கையையும் தலையையும் உள்ளே விட்டு வேலை செய்யத் தொடங்கினார். எனக்கு டோர்ச் பிடிக்கிற வேலை.

நான் வெளிச்சத்தை அவர் கையில் அடிக்காமல் ஜாக்கின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தேன்.

"இங்க அடி. அங்க என்னா பாக்குற?"

"பலக ஒரு பக்கமா அமுங்குதுங்க."

"அமுங்காது. ஜாக்கு புடிச்சிக்கும்."

"கழட்டுன டயரையாவது அடியில தள்ளி வைங்க."

"எதுக்கு? வேலைக்கு எடஞ்சல்."

டோர்ச்சைக் கீழே வைத்துவிட்டு நானே டயரை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்குக் கீழே படுக்கவைத்துத் தள்ளினேன். அவருக்குக் கோபம். "இப்புடிப் பயந்தா ஒரு வேலையும் நடக்காது" என்றார். கடைசி நட்டைத் திருகுவதற்காக அவர் முழுப் பலத்தோடு ஒரு இழுப்பு இழுத்தபோது பலகை நழுவியது. ஜாக் சாய்ந்தது. கார் அப்படியே இறங்கி, நான் தள்ளி வைத்த டயரின் மேல் தொப்பென்று உட்கார்ந்தது.

அவர் தலை உள்ளேதான் இருந்தது. அவர் மெல்லத் தலையை வெளியே எடுத்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து அத்தை, "என்னாடா சத்தம்?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்லம்மா. டயர் விழுந்துச்சு."

அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் குடித்தார், வேறு பலகை எடுத்து வந்தார், மறுபடி தூக்கினார். இந்தத் தடவை டயரை அவரே அடியில் வைத்தார். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, கிரைண்டரில் ஒரு சுற்று வெட்டினார். பொறி பறந்து என் பாவாடை ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழுந்தது. வெட்டி எடுத்த துண்டு வளையல் மாதிரி மண்ணில் கிடந்தது. பின்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டினார். பின்னால் தூக்கலாக நின்றால் அசிங்கமாக இருக்குமாம்.

பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் பூட்டி இறக்கிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. அத்தனை வருஷம் வீட்டுக்குப் பின்னால் நின்ற கார்தானா என்று இருந்தது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "என்னாடா, காத்து எறங்கிப் போச்சா?" என்று கேட்டார். இவருக்கு அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. அடியில் படுகிற ஒவ்வொரு கல்லின் சத்தமும் கேட்டது. முன்பு காருக்குள் உட்கார்ந்தால் பாட்டுக் கேட்போம். இப்போது அடித்தகடு எதிலாவது உரசுகிறதா, பின்னால் டக் டக்கென்று ஏதாவது அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கான் வந்தால் அவர் காரைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக இறக்குவார். அப்படியும் ஒரு இடத்தில் கரகரவென்று இழுக்கும். முன்பெல்லாம் குழியில் விழுந்தால் கார் ஆடும். இப்போது ஆடாமல் நேராக முதுகில் குத்தியது.

இரண்டு மாதம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. அதற்கு முந்தைய வருஷம் ஒரு தடவை தங்கி, மூன்று மாதம் ஆவதற்குள் போய்விட்டது. அப்போது எங்கள் லயத்து வீடுகள் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரித்து, பிறகு எல்லாரும் ஆறுதல் சொல்லி, நான் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் இருந்தேன். அதனால் இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி, அவர் முகம் மலர்ந்து, பிறகு அது இல்லையென்று ஆனால் அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

கிளினிக்குக்கு மட்டும் தனியாகப் போனேன். மிட்வைஃப் அக்காவிடம், "குலுங்குனா ஏதும் ஆயிருமா?" என்று கேட்டேன். "பஸ்ல குலுங்கிக்கிட்டு எத்தன பேரு வர்றாங்க. போன தடவையும் குலுங்குனதால போகல, அத மனசுல வைக்காத" என்றார். அவர் சொன்னதை நம்பினேன். ஆனால் கார் முதல் கானை நெருங்கியதும் என் கை தானாகக் கதவுக்குப் போனது.

"நிப்பாட்டுங்க, நான் எறங்கி நடந்துக்கிறேன். பாரம் கொறஞ்சா அடி ஒரசாது."

முதல் நாள் அவர் சிரித்தார். பிறகு ஒவ்வொரு கானுக்கும் நான் இறங்கி நடப்பதும், கார் மெதுவாகத் தாண்டி அந்தப் பக்கம் எனக்காக நிற்பதும் வழக்கமாகிவிட்டது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிற்கிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னா, கார நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இவருக்கு முகம் இறுகியது. அதற்கப்புறம் கான் வந்தால் முன்னால் பார்த்தபடியே நிறுத்துவார், நான் இறங்குவேன். அவர் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியத்தை நான் நாலு பேர் முன்னால் கேவலப்படுத்துகிறேன் என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இறங்கினேன்.

கந்தப்பளையில் அவருடைய அக்கா மகளுக்குச் சடங்கு வந்தது. தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றேன். அத்தை கேட்கவில்லை. "மாமன் சொந்தக் கார வச்சிக்கிட்டு பஸ்ல வந்து எறங்குனா அவ மாமியார் வீட்டுல என்னா நெனப்பாங்க?" என்றார். பின்னால் சீர்த் தட்டுகளும் பழக்கூடையும் ஏறின. அத்தை நல்ல கனமான உடம்பு, அவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கார் இன்னும் பதிந்தது.

ஹட்டன்வரை எப்படியோ போனோம். தலவாக்கலை தாண்டிப் பாதை நன்றாக இருந்ததால் நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். நானுஓயாவுக்கு ஏறும்போது பனிமூட்டம் இறங்கியது. ஒரு வளைவில், மழைக்கு மண் சரிந்து பாதையின் ஓரம் ஒரு முழம் உட்கார்ந்திருந்தது. எதிரில் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது எங்கள் பின்சக்கரம் அதற்குள் இறங்கியது. டங்கென்று ஒரு சத்தம். சக்கரம் மேலே ஏறியது, ஆனால் கார் நிமிரவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்தபடியே ஓடியது. ரப்பர் எரிகிற நாற்றம் வந்தது.

வளைவைத் தாண்டியதும் நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின்னால் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"என்னாங்க?"

"ஸ்பிரிங்கக் காணோம்."

"காணோம்னா?"

"எடத்துல இல்ல. விழுந்துருச்சு."

கார் பாதி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. வளைவுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நாங்கள் தெரியமாட்டோம். அவருக்கு அது தோன்றவில்லை, பாதையோரத்தில் ஸ்பிரிங்கைத் தேடப் போய்விட்டார். நான் அத்தையை இறக்கி மேட்டுப் பக்கம் நிறுத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வளைவுக்கு ஓடினேன். நான் கட்டியிருந்தது சடங்குக்கென்று எடுத்த அரக்குப் பட்டு. மூட்டத்தில் எதிரே வருகிற வண்டி ஒன்றும் தெரியவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, குடையை விரித்து இரண்டு கையாலும் ஆட்டினேன். ஒரு மரக்கறி லொறி திடீரென்று வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. ஹோர்ன் அடித்தபடியே பிரேக் பிடித்து, என்னிடமிருந்து கொஞ்ச தூரத்தில் நின்றது. சாரதி தலையை நீட்டிச் சிங்களத்தில் திட்டினார். பிறகு காரைப் பார்த்துவிட்டு, நான் நின்ற கோலத்தையும் பார்த்துவிட்டு, திட்டுவதை விட்டு மெதுவாகச் சுற்றிக் கடந்து போனார். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பாதைக்குக் கீழே தேயிலை மலை. மூட்டத்துக்குள் கொழுந்தெடுக்கிறவர்களின் பேச்சுக் குரல் கேட்டது. அத்தை பாதை விளிம்புக்கு வந்து நின்று குரல் கொடுத்தார். அவரும் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர்.

"ஏ புள்ளைங்களா! கார் ஸ்பிரிங் ஒன்னு உருண்டு வந்துச்சா?"

கீழே சிரிப்புச் சத்தம். "எப்புடிங்க இருக்கும்?"

"சுருள் சுருளா இருக்கும். இரும்பு."

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் செடிகளை விலக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். முதுகில் தொங்கிய கொழுந்துப் பையின் மேல், இலைகளுக்கு நடுவில் எங்கள் ஸ்பிரிங் இருந்தது. அதை எடுத்து என் கணவரிடம் கொடுத்தார்.

"எனக்குப் பக்கத்துலதாங்க வந்து செடியில முட்டுச்சு. பன்னி ஓடுதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, சாதாரணமாகச் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் ஸ்பிரிங்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அந்தப் பெண் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் வளைவிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வை அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"இப்ப சந்தோஷமா?" என்று கத்தினார். "இந்தக் கார்ல ஏற வெக்கப்பட்டுக்கிட்டுத்தான ஒவ்வொரு கானுக்கும் எறங்கி எறங்கி நடந்த? ஊரே சிரிச்சிச்சு. இப்ப நல்லா சிரி."

அத்தைதான் பேசினார்.

"வெக்கப்பட்டு எறங்கலடா அவ. வயித்தப் புடிச்சிக்கிட்டு எறங்குறா. எத்தன நாளா பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் குடையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அவர் ஸ்பிரிங்கைப் புல்லின் மேல் வைத்துவிட்டு என்னிடம் வந்து, குடையைக் கையிலிருந்து வாங்கினார்.

"போயி அம்மாகிட்ட ஒக்காரு. நான் நிக்கிறேன்."

"ஸ்பிரிங்கு?"

"பஸ் வரட்டும். ஒங்க ரெண்டு பேரையும் ஏத்திவுட்டுட்டுப் பாக்குறேன்."

பஸ் வரும்வரை அவர் வளைவில் நின்று வண்டிகளை நிறுத்தி நிறுத்தி அனுப்பினார். ஒரு தடவை திரும்பி, "எப்ப தெரியும்?" என்று கேட்டார். சொன்னேன். "சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்குள் இன்னொரு வாகனம் வந்தது.

பஸ்ஸில் சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனோம். என் பயம் முழுவதும் அப்போது வளைவிலேயே நின்றது. மூட்டத்தில், சரிந்த மண்ணுக்குப் பக்கத்தில், தனியாக ஜாக்கை வைத்துக் காரைத் தூக்கிக்கொண்டிருப்பார். அடியில் டயரை வைத்தாரா, இல்லையா? கைபேசியில் அடித்து அடித்துப் பார்த்தேன், அந்த இடத்தில் சிக்னல் இல்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு ஆறுதலா அவருக்கு ஆறுதலா என்று தெரியவில்லை.

கந்தப்பளையில் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி, பந்தியும் தொடங்கிவிட்டது. மாமன் எங்கே மாமன் எங்கே என்று கேட்டார்கள். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். சட்டை முழுக்கக் கிரீஸ். ஸ்பிரிங்கை இடத்தில் வைத்துக் கம்பியால் கட்டி, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி வந்திருந்தார். அவருடைய அக்கா சத்தம் போட ஆரம்பித்தார். அவர் அதைக் காதில் வாங்காமல் என்னிடம் வந்து, "சாப்டியா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

காரை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். அடுத்த கிழமை அவர் டிக்கோயா பாஸிடம் போனார். எங்கள் காரைப் போலவே ஒன்று எங்கோ விபத்தில் நசுங்கிக் கிடந்திருக்கிறது. அதன் ஸ்பிரிங்குகளைப் பாஸ் எடுப்பித்து, கந்தப்பளைக்கே வந்து பூட்டிக் கொடுத்தார். "நான் அன்றைக்கே சொன்னேனே" என்று அவர் சொல்வார் என்று இவர் பயந்துகொண்டே போனாராம். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கீழே எத்தனை இடத்தில் உரசியிருக்கிறது என்று மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாராம்.

பிள்ளை தங்கியது. ஆனாலும் பிறக்கும்வரை நான் ஒரு நாளும் பயமில்லாமல் தூங்கவில்லை. அதற்கும் காருக்கும் சம்பந்தமில்லை. இப்போது எங்கள் மகள் பிள்ளைக்காம்பராவில் மற்றப் பிள்ளைகளோடு என் கண் முன்னால் பெஞ்சில் ஏறுகிறாள்.

போன மாதம் அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "இன்னும் அந்த ஆச இருக்கா?"

அவர் துணியைப் பிழிந்தார். "இருக்கு" என்றார். "பாக்க நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அவர் சந்தோஷமாகிப் பின்பக்கத்தைக் கழுவப் போனார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.